எம்.பி. பேசினால் குழாயில் தண்ணீர் வருமா?

கேள்வி: “எங்களுடையது டெல்டாவின் கடைமடை ஊர். குடிநீர்ப் பிரச்சினை பற்றி எம்.பி. ஒருவர் நாடாளுமன்றத்தில் ஆவேசமாகப் பேசிய வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குழாயில் ஒரு மாற்றமும் இல்லை. அங்கே தண்ணீரைப் பற்றிப் பேசுவதால் நமக்கு உண்மையில் ஏதாவது நடக்குமா? எம்.பி. நிதியில் ஆர்.ஓ. பிளான்ட் கேட்கலாம் என்கிறார்களே, அது சரியா?”

நடக்கும். ஆனால் வீடியோவில் வருகிற மாதிரிப் பேச்சினால் நடப்பது அபூர்வம். தண்ணீர் விஷயத்தில் நாடாளுமன்றத்துக்குக் கை எட்டுகிற இடமும் உண்டு, கையைத் தானே கட்டிக்கொண்ட இடமும் உண்டு. டெல்டா உறுப்பினர்கள், கட்சி எதுவானாலும், கை கட்டியிருக்கிற இடத்தில் போட்ட சத்தம்தான் அதிகம். கை எட்டுகிற இடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டது குறைவு. குடிநீர் வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். ஓய்வுக்குப் பிறகு அவைக் கேள்வி-பதில்களைப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த வீடியோ. இரண்டு மூன்று நிமிடப் பேச்சு, சபாநாயகர் மணி அடிக்கிறார், அடுத்தவர் பெயரைக் கூப்பிடுகிறார் என்றால் அது அநேகமாகப் பூஜ்ய நேரம், அதாவது உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம். அதில் பேசியதற்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்களவையின் 377-வது விதியின் கீழ் வாசித்தது என்றால் கொஞ்சம் மேல். 250 வார்த்தைக்குள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததைப் படிக்க வேண்டும், சம்பந்தப்பட்ட அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. அந்தப் பதில் கடிதம் யாருடைய வாட்ஸ்அப்பிலும் வராது. உங்கள் ஊரில் யாராவது எம்.பி. அலுவலகத்துக்குப் போய், “377-க்குப் பதில் வந்ததா, நகல் கொடுங்கள்” என்று கேட்டால் நிஜமாகவே ஆச்சரியப்படுவார்கள். கேளுங்கள்.

இனி, கை கட்டியிருக்கிற இடம். அரசமைப்புச் சட்டத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17-வது இனம். குடிநீர் விநியோகம், பாசனம், வாய்க்கால், வடிகால், தேக்கம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் ஒன்றியப் பட்டியலின் 56-வது இனத்துக்கு உட்பட்டுத்தான் அந்த அதிகாரம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது அந்த 56. அதன் கீழ் 1956-ல் நதி வாரியச் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின்படி உருப்படியாக ஒரு வாரியம்கூட அமையவில்லை. சட்டம் அலமாரியிலேயே இருக்கிறது. அதே ஆண்டு, 262-வது பிரிவைக் கொண்டு, மாநிலங்களுக்கிடையிலான நதிநீர்த் தகராறு சட்டமும் வந்தது. தகராறைத் தீர்ப்பாயம் பார்த்துக்கொள்ளும், நீதிமன்றம் தலையிடக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது ஆற்றுப் பங்கீட்டை அவையில் பேசித் தீர்க்கப் போவதில்லை என்று அவையே எழுதி வைத்துவிட்டது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1990 ஜூன் 2-ல் காவிரித் தீர்ப்பாயம். 1991-ல் 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்ற இடைக்கால உத்தரவு. 2007 பிப்ரவரி 5-ல் இறுதித் தீர்ப்பு: மொத்தம் 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419. அது அரசிதழில் ஏறவே 2013 பிப்ரவரி ஆகிவிட்டது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய 192 டி.எம்.சி.யை 177.25 ஆகக் குறைத்தது. ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் அமைக்கச் சொன்ன கெடு மார்ச் 29-ல் முடிந்தது. அந்த மார்ச், ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? தமிழக உறுப்பினர்கள் தினமும் மையப்பகுதிக்கு இறங்கி, மேலாண்மை வாரியம் கேட்டு முழக்கம். மற்றவர்கள் வேறு காரணத்துக்கு முழக்கம். பட்ஜெட் தொடரின் இரண்டாம் பாதி அப்படியே கழுவிக்கொண்டு போயிற்று. கடைசியில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது 2018 ஜூன் 1 அறிவிக்கையால். அதை வரவழைத்தது நீதிமன்றம். மறுவருடம் ஜனவரித் தொடக்கத்தில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகதாது அணைக்கு எதிராக முழக்கமிட்ட உறுப்பினர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஊரில் அது நல்ல செய்தியாக ஓடியது.

போராட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. அரசியல் அழுத்தம் என்று ஒன்று உண்டு, டெல்டா அதைக் கொண்டுதான் பலதைத் தடுத்திருக்கிறது. ஆனால் அந்தத் தகராறுச் சட்டத்தின் 6ஏ பிரிவு, இப்படிப்பட்ட செயல்திட்டத்தை இரு அவைகளின் முன்னும் வைக்க வேண்டும் என்கிறது. அவை விரும்பினால் திருத்தம் சொல்லலாம். அங்கே வரி வரியாகப் பேச வேண்டியது இருந்தது. பற்றாக்குறை ஆண்டில் தண்ணீரை எப்படிப் பிரிப்பது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். 2023-ல் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்துவிட்டு அக்டோபரில் பாசனத்துக்கு மூட வேண்டி வந்ததே, அப்போது இருந்த சிக்கல் முழுக்க அந்த ஒரு கேள்விதான். 2019 ஜூலை 31-ல் மக்களவை நிறைவேற்றிய நிரந்தரத் தீர்ப்பாய மசோதாவும் அப்படித்தான். ஏகப்பட்ட எதிர்ப்புப் பேச்சு. மாநிலங்களவையில் அது நிறைவேறவே இல்லை. 2024-ல் மக்களவை கலைந்ததும் காலாவதியாயிற்று.

சரி, இதெல்லாம் பாசனத் தண்ணீர். உங்கள் கேள்வி குடிநீர். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதி விவாதம் வீணாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,831 கோடி லிட்டர். கிராமத்து வீடுகளுக்குக் குழாய் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்ட அளவான நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் ஒருவருக்கு வருடத்துக்குச் சுமார் 20,000 லிட்டர். ஆக, ஒரு டி.எம்.சி. 14 லட்சம் பேருக்கு ஒரு வருடக் குடிநீர். 2011 கணக்கெடுப்பில் தஞ்சாவூர், திருவாரூர், பிரிக்கப்படாத நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து மக்கள்தொகை 53 லட்சத்துக்குச் சற்றுக் கீழே. மொத்தப் பேருக்கும் 55 லிட்டர் வீதம் கொடுக்க நான்கு டி.எம்.சி. ஆகாது. எல்லோரையும் நகரவாசியாக்கி 135 லிட்டர் கொடுத்தாலும் பத்துக்குள் முடிந்துவிடும். பிலிகுண்டுலுவில் வர வேண்டியது 177.25.

எனவே டெல்டாவில் குடிநீர்ப் பஞ்சம் என்று அவையில் பேசி, அதற்குத் தீர்வாகக் காவிரியில் கூடுதல் டி.எம்.சி. கேட்பவர் பிரச்சினையை அதன் இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எதிர்த்தரப்பான கர்நாடகம் இதே கணக்கை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. மேகதாதுவுக்குச் சொல்லப்படும் முதல் காரணமே பெங்களூரு குடிநீர். உச்ச நீதிமன்றம் அந்த நகரத்துக்கென்று சேர்த்துக் கொடுத்தது 4.75 டி.எம்.சி. கட்ட நினைக்கும் அணையோ 67 டி.எம்.சி. குடிநீர் என்று சொன்னால் யாரும் வாயைத் திறக்க முடியாது. அந்த மரியாதையை அணை முழுவதற்கும் போர்த்திவிடலாம். நம் பக்கத்திலிருந்து இந்த இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பேசினாலே போதும், முழக்கம் தேவைப்படாது.

டெல்டாவின் குடிநீர் எங்கே சிக்குகிறது? மூன்று இடத்தில்: கொள்ளிடத்து மணல், நீளமான குழாய், கடைமடை உப்பு.

மணலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் யாரும் அவையில் குடிநீராகப் பேசாத குடிநீர் விஷயம். கடலோர டெல்டாவில் போர் போட்டால் பல இடத்தில் உப்பு. அதனால் குடிநீர் மேலே இருந்து வர வேண்டும். தஞ்சாவூர் நகரம் குடிப்பது கொள்ளிடம். வேதாரண்யம் வரை ஓடும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் கொள்ளிடம். கொள்ளிடத்தில் பல மாதம் தண்ணீர் ஓடாது, ஆனால் மணலுக்குள் இருக்கும். ஆற்றுக்கு நடுவே உயரமான தூண் மேல் ஒரு அறையும், கரையிலிருந்து அதற்குப் போக ஒரு ஒல்லியான நடைபாலமும் பார்த்திருப்பீர்கள். அது மோட்டார் அறை. அதற்கு நேர் கீழே மணலுக்குள் இறக்கிய பெரிய வட்டக் கிணறு. கிணற்றின் அடிமட்டத்திலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நாலாபுறமும் மணலுக்குள்ளேயே துளையிட்ட குழாய்கள் நீண்டிருக்கும். மணல் வடிகட்டித் தரும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகக் கிணற்றில் சேர, மோட்டார் ஏற்றுகிறது. இந்த அமைப்பில் தேக்கத் தொட்டி எது என்று கேட்டால், மணல்தான். மேலே இருக்கிற மணல் கனமாக இருக்க இருக்க, ஆறு ஓடுகிற நாளில் சேமித்தது கோடை வரை தாங்கும். மணலை அள்ளி மட்டம் இறங்க இறங்க, சேமிக்கிற இடமே போய்விடுகிறது; குழாய்களுக்கு மேலே இருந்த வடிகட்டியும் மெலிகிறது. கீழ்க் கொள்ளிடத்தில் இன்னொரு தொல்லை, படுகை தாழ்ந்த அளவுக்குக் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. ஆதனூர்-குமாரமங்கலம் கதவணை வந்ததற்கு அந்த உப்பும் ஒரு காரணம்.

மணல் மாநில விவகாரம்தானே என்பீர்கள். பாதி உண்மை. கனிமச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது, 1957-ல். மணலைச் சிறுகனிமமாக வைத்து, விதி செய்யும் அதிகாரத்தை 15-வது பிரிவால் மாநிலத்துக்குக் கொடுத்திருக்கிறது. கொடுத்தவர் கேள்வி கேட்கலாம். தவிர, ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-ல் ஒரு மணல் வழிகாட்டுதலும் 2020-ல் கண்காணிப்பு வழிகாட்டுதலும் கொடுத்திருக்கிறது. மாவட்ட ஆய்வறிக்கை வேண்டும், எடுத்த மணல் ஆற்றில் திரும்பப் படிகிறதா என்று ஆய்வு வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எனவே “கொள்ளிடத்தில் அனுமதி தந்த ஒவ்வொரு குவாரிக்கும் மீள்படிவு ஆய்வு நடந்ததா, எந்த வருடம், அருகிலுள்ள குடிநீர்க் கிணறு எவ்வளவு தூரம்?” என்று கேட்டால் அதை மாநிலப் பொருள் என்று தட்டிவிட முடியாது. ஆனால் கேள்வியைத் தண்ணீரைப் பார்க்கும் ஜல் சக்தி அமைச்சகத்துக்கு அனுப்பக் கூடாது. சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த அமைச்சகம் என்பதிலேயே பல நல்ல கேள்விகள் செத்துப்போகின்றன.

இங்கே ஒரு வார்த்தை. கொள்ளிடத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் போய், 2004-லிருந்து சென்னைக்குக் குழாயில் போகிறது. திருச்சி அருகே காவிரியில் எடுத்து ராமநாதபுரம் வரை கொண்டு போகிறார்கள். டெல்டாவில் இதைச் சொல்லிக் குமுறுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராமநாதபுரத்துக் குடமும் குடம்தான். எத்தனை கிணறு இறக்கலாம், கோடையில் எவ்வளவு எடுக்கலாம் என்று படுகையின் தாங்குதிறனைப் பார்த்து ஒரு பொதுக் கணக்கு வேண்டும் என்று கேட்பதுதான் நியாயம்.

அடுத்தது நீளக் குழாய். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கடைசி ஊர் என்றால் உங்களுக்கே தெரியும். வழியில் இருக்கிற ஊர்களில் வீட்டுக் குழாயோடு நேரே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவார்கள். கடைமடையில் அழுத்தம் இருக்காது. தெருக்குழாயின் தலை காய்ந்துகிடக்க, அதன் அடியில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயை அங்கேயே அறுத்துக் குடத்தைக் குழிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் சாக்கடையும் நிற்கும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, குழியில் நிற்பதை அதே குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த நாள் முதல் குடத்தில் வருகிற கலங்கல் எங்கிருந்து வருகிறது என்று இனிக் கேட்க வேண்டாம்.

ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் இந்த வீடும் “இணைப்பு பெற்ற வீடு”தான். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்தபோது நாட்டில் 3.23 கோடி கிராமப்புற வீடுகளுக்குத்தான் குழாய் இருந்தது. அது பல மடங்கு ஏறியது உண்மை, மறுப்பதற்கில்லை. தமிழ்நாடு இதில் பாதிப் பணம் போடுகிறது. ஆனால் திட்டத்தின் வழிகாட்டுதலே “செயல்படும் இணைப்பு” என்கிறது: 55 லிட்டர், குடிநீர்த் தரம், தொடர்ச்சி, மூன்றும் வேண்டும். அறிவிப்புப் பலகையில் எண்ணுவது முதலில் குழாயை. 2025 பட்ஜெட்டில் திட்டத்தை 2028 வரை நீட்டித்து, தரத்துக்கும் பராமரிப்புக்கும் கவனம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் கேள்வியும் அங்கே போக வேண்டும்.

எப்படிக் கேட்பது? இதில்தான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 எழுத்துப்பூர்வக் கேள்வி. நட்சத்திரக் கேள்விக்கு வாய்மொழி பதில், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் குலுக்கலில் மேலே வர வேண்டும். எழுத்துப்பூர்வக் கேள்விக்குப் பதில் அச்சில் வரும். வீடியோ இல்லை, அதனால் யாரும் மதிப்பதில்லை. நான் மதிப்பது அதைத்தான். பெரும்பாலான தண்ணீர்க் கேள்விகள் இப்படி இருக்கும்: “(அ) டெல்டா மாவட்டங்களில் குடிநீர்த் தட்டுப்பாடு நிலவுவதை அரசு அறியுமா, (ஆ) அறிந்திருந்தால் அதன் விவரம், (இ) அரசு எடுத்த நடவடிக்கை, (ஈ) இல்லையெனில் காரணம்?” பதில் எப்படி வரும் தெரியுமா? நான்கையும் சேர்த்துக் கட்டி “(அ) முதல் (ஈ) வரை” என்று தொடங்கும். முதல் வாக்கியம், தண்ணீர் மாநிலப் பொருள் என்பதால் திட்டமிடுவதும் செயல்படுத்துவதும் மாநிலங்களின் பொறுப்பு, ஒன்றிய அரசு தொழில்நுட்ப, நிதி உதவி மட்டும் செய்கிறது என்று. அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துக்குத் திட்டங்களின் பெயர்கள். ஜல் சக்தி அபியான், அமிர்த நீர்நிலை, அடல் பூஜல்... அடல் பூஜல் ஏழு மாநிலத்துக்கான நிலத்தடி நீர்த் திட்டம், அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை என்பது வேறு விஷயம். பதிலில் பொய் எதுவும் இருக்காது. பயனும் இருக்காது. கேள்வியே அப்படித் தப்பிக்க வழி வைத்துக் கொடுத்திருக்கிறது.

இதையே இப்படிக் கேட்கலாம்: “ஜல் ஜீவன் திட்டத்தில் இன்ன ஊராட்சி ஒன்றியத்தில் நூறு சதவீத இணைப்பு என்று பதிவான ஊராட்சிகளில், கடந்த ஏப்ரல், மே மாதங்களில் நபருக்கு 55 லிட்டர் கிடைத்ததா என்று அளந்தது யார், எந்தத் தேதியில், உப்பின் அளவு பரிசோதனையில் என்ன வந்தது, ஊராட்சி வாரியாகத் தருக.” இதில் ஒன்றிய அரசு பணம் போட்ட திட்டம், ஒன்றிய அரசு வகுத்த அளவு, ஒன்றிய அரசின் இணையப் பதிவு மூன்றும் இருக்கின்றன. மாநிலப் பொருள் என்று சொல்லி நகர முடியாது. உப்பு விஷயத்தில் இந்தியத் தரநிலை, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த “வேறு ஆதாரமே இல்லாவிட்டால்” என்ற பகுதியில்தான் நம் கடைமடை முழுக்க வாழ்கிறது. அதையும் கேட்கலாம்.

கையில் தகவல் இல்லாவிட்டால் அமைச்சகம், “தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையின் முன் வைக்கப்படும்” என்று எழுதும். ஊரில் இதைக் கண்துடைப்பு என்பார்கள். உண்மையில் நமக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பலமான பதில் அதுதான். அப்படி எழுதிய உடனே அது அரசின் உறுதிமொழி ஆகிவிடுகிறது. உறுதிமொழிகளுக்கென்றே அவையில் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவகாசம் கேட்டு நிற்க வேண்டும். தலைமைச் செயலகம், வாரியம், மாவட்டம், ஒன்றியம் என்று கீழே இறங்கி, ஊராட்சி வரைக்கும் “நாடாளுமன்றக் கேள்வி, அவசரம்” என்று கடிதம் வரும். அப்படி ஒரு கடிதம் வந்த நாளில் அலுவலகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவன் நான். வேறு எதற்கும் கிளம்பாத ஜீப் அன்றைக்குக் கிளம்பும்.

கமிட்டி அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-லிருந்து இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 31 பேர். நீர்வளத்துக்கும் ஒன்று. கேமரா இல்லாததால் கட்சிச் சண்டையும் குறைவு. பத்து வருடத்துக்கும் முன்பு அந்தக் குழு, நாட்டின் நீர்நிலைகளைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் விளைவாக வந்த முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது: நாடு முழுவதும் 24.24 லட்சம் நீர்நிலைகள், தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஆக்கிரமிப்பில் இருப்பது நாடு முழுவதும் 1.6 சதவீதம் என்றது அறிக்கை. “கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி” என்று சொல்லி வளர்ந்த திருவாரூர்க்காரரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள், சிரிப்பார். குளம் இருக்கும், குளத்துக்கு வரும் வாய்க்காலில் வீடு இருக்கும். கணக்கெடுப்பவர் குளத்தைப் பார்த்து ஆக்கிரமிப்பு இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். வரத்து வாய்க்காலையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று அடுத்த கணக்கெடுப்புக்கு முன்பு அந்தக் குழுவில் ஒரு டெல்டா உறுப்பினர் சொன்னால், அது ஒரு மணி நேர மேடைப் பேச்சைவிட அதிகம் செய்யும்.

நீர் சேமிப்பு விவாதம் என்றாலே டெல்லியில் ஒரு பல்லவி உண்டு: நெல் அதிகம் குடிக்கிறது, நெல்லை விடுங்கள் என்று. பஞ்சாபுக்குச் சொல்வதை அப்படியே தஞ்சைக்கும் சொல்கிறார்கள். போர் வைத்துக் கோடை நெல் போடுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் நிற்கும் தண்ணீர்தான் மாசியில் உங்கள் ஊர்க் கைபம்பில் வருகிறது. அந்த வயலைத் தரிசு போட்டால் மழைநீர் வடிகாலில் ஏறி நேரே கடலுக்குப் போகும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கிடக்கிற வாய்க்காலைப் பற்றிப் பேசாமல் நெல்லைக் குறை சொல்வது சுலபம். நிலத்தடி நீருக்கென்று தமிழ்நாடு 2003-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து 2013-ல் அதை ரத்தும் செய்துவிட்டது. இந்தக் கேள்வியை சட்டமன்றத்தில் கேட்க வேண்டும், எம்.பி.யிடம் கேட்டுப் பயனில்லை.

ஊராட்சிக்கு வரும் பணமும் ஒன்று இருக்கிறது. 15-வது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குக் கொடுத்ததில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, மறுசுழற்சிக்கென்றே கட்டுப்படுத்திக் கொடுத்தது. டெல்டா உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லாவிட்டால் நிதிக்குழுப் பணத்துக்கே சிக்கல். பழைய கிராமசபைத் தீர்மானங்களையும் வரவு செலவுக் கணக்கையும் இப்போதே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.பி. நிதியில் ஆர்.ஓ. பற்றிக் கேட்டீர்கள். அந்த நிதி வருடத்துக்கு 5 கோடி, தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதி. சொத்து உண்டாக்கத்தான் அந்தப் பணம். மெஷின் வரும், திறப்பு விழாவும் நடக்கும். கரண்ட் பில்லும், ஆளுக்குச் சம்பளமும், தேய்ந்துபோகும் சவ்வை மாற்றும் செலவும் ஊராட்சி தலையில். உப்புத் தண்ணீர் போரில் வைத்தால் சுத்தமாக்கியதற்குச் சமமாகவோ அதற்கு மேலோ கழிவு வெளியே வரும். அந்தக் கொடும் உப்பை விடுவதற்கு வாய்க்காலைத் தவிர வேறு இடம் இருக்காது. பூட்டிக்கிடக்கும் ஆர்.ஓ. அறைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்குப் பதிலாக, கூட்டுக் குடிநீர்க் குழாய் உங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில் தரைமட்டத் தொட்டியும், அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற ஒரு மோட்டாரும் கேளுங்கள். இரவில் மெதுவாக வருகிற தண்ணீரைச் சேர்த்து, காலையில் ஊர் முழுக்க ஒரே அழுத்தத்தில் விடலாம். குழிக்கும் வேலை இருக்காது.

மழைக்காலக் கூட்டத்தொடர் வழக்கமாக ஜூலையில் தொடங்கும். கேள்வியைப் பதினைந்து நாள் முன்னதாகவே கொடுத்தாக வேண்டும். எனவே ஏப்ரல், மேயில் தெருவுக்கு இரண்டு வீடு வீதம் தேர்ந்தெடுத்து, தேதி போட்டு, எத்தனை குடம் வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 15 குடம் வந்திருக்க வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் அதைப் பஞ்சாயத்துத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவோடு சேர்த்து, மேலே சொன்ன கேள்வியின் வாசகத்தையும் இணைத்து எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள்.